இறாக்கையில் இடம் போதுமா?

உள்ளூர்ச் சாமானுக்கு இறாக்கையில் இடம் ஒதுக்கச் சொன்னால் கடைக்காரர் என்ன செய்வார்? மலிவான பழைய சரக்கை அடுக்கிக் கணக்கைச் சரிக்கட்டுவார். கடை வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

நெட்பிளிக்ஸ் போன்ற இணையவழிப் படச் சேவைகளின் பட்டியலில் 30 வீதம் ஐரோப்பியத் தயாரிப்புகள் இருக்க வேண்டுமென 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. இதிலும் அந்த ஓட்டை உண்டு.

பிரான்ஸ் பணத்திலேயே கை வைத்தது. 2021 ஜூலை முதல், அங்கு ஈட்டும் வருமானத்தில் குறைந்தது 20 வீதத்தை ஐரோப்பிய, பிரெஞ்சுப் படைப்புகளில் முதலிட வேண்டும். இது வரியல்ல, கொடுத்த காசுக்குத் திரையிடச் சரக்குக் கிடைக்கிறது.

சுவிட்சர்லாந்து கேட்டது 4 வீதமே. உள்நாட்டுப் படங்களில் முதலிடாவிட்டால் அரசுக்குச் செலுத்த வேண்டும். சந்தாக் கட்டணம் கூடும் என்று எதிர்த்தார்கள். நியாயமான பயம்தான், செலவை வாடிக்கையாளர் தலையில் வைக்காத வியாபாரி யார்? ஆயினும் 2022 மே மாத வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 58 வீதத்தினர் சம்மதித்தனர்.