விதானமும் படக்கதையும்

கேள்வி: எழுத்தறியாக் குழந்தைக்குப் படக்கதை நூல்களால் கற்பனை வளருமா? (கடலூர் வாசகர்)

பதில்: சொல் கூறாததைப் படமும், படம் காட்டாததைச் சொல்லும் எடுத்துரைக்கும் நூலே படக்கதை நூல் எனப்படுவதால், இரண்டும் விட்டுவைத்த இடைவெளியைக் குழந்தை தானே நிரப்ப முற்படும்போது கற்பனை வளரவே செய்கிறது. சிதம்பரம் சிவகாமி அம்மன் சன்னிதி மண்டப விதானத்தில் உள்ள 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் கால ஓவியங்கள், பிட்சாடனரும் மோகினியும் தாருகாவனம் புகுந்த கதையையும் மாணிக்கவாசகர் வரலாற்றையும் தொடர் சித்திரமாக, அதாவது ஒரே உருவம் காட்சிதோறும் மீண்டும் தோன்றும் முறையில், விரிப்பதால், கடலூர்க் குழந்தைக்கு அவையே (கழுத்து வலித்தாலும்) நல்ல தொடக்கமாகும். ஐரோப்பாவில் கல்வியாளர் கொமேனியஸின் சிறுவர் படநூல் வெளிவந்ததும் அதே நூற்றாண்டில், 1658இல். இன்று சென்னைத் தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படக்கதைகளை வெளியிடுகிறது. அவற்றை வாசித்துக்காட்டுவோர் பக்கந்தோறும் பொருளுரைத்துப் பாடமாக்காமல், அடுத்து நிகழ்வதைக் குழந்தையே ஊகிக்க விடுதல் வேண்டும்.