சிறிய மடிக்கணினியும் சிக்கனக் குடும்பமும்

முன்னுரை

'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்பது பழமொழி. ஆயினும் நம் தாய்மார் கடுகு வாங்கும்போது, கல்லும் தூசியும் கலந்திருக்கிறதா என்று உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகே வாங்குவர். ஐந்து ரூபாய்க் கடுகுக்கே இவ்வளவு ஆராய்ச்சி என்றால், குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கும் மடிக்கணினிக்கு எவ்வளவு ஆராய்ச்சி வேண்டும்!

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி என்பதை யாவரும் அறிவர். மழை பெய்தால் பருத்தியும் கம்பும் மல்லியும் விளையும்; பெய்யாவிட்டால் தறியும் நூற்பாலையுமே சோறு போடும். இத்தகைய ஊரில் பிறந்த எங்களில் பலருக்கு அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பாடம் எடுக்க ஆவல். அங்கே சி பிளஸ் பிளஸ் மொழியும், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியும் கற்பிக்கப்படுகின்றன. ஆனால், "வீட்டில் கணினி இல்லையே, அண்ணனுடைய கைப்பேசியில் எப்படிப் பழகுவது?" என்று தயங்கி, வேறு பாடத்திற்கு மாறிவிட நினைக்கும் தோழியரும் எங்கள் வகுப்பில் உண்டு. அவர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் நாங்கள் படித்தும் விசாரித்தும் செய்து பார்த்தும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் தருகிறோம்.

சிறிய மடிக்கணினி தோன்றிய வரலாறு

உலகத்து ஏழைக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் 100 டாலர் விலையில் ஒரு மடிக்கணினி என்னும் திட்டத்தை 2005ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டி அறிவித்தார். 2007இல் அக்கணினி உருவாகி வந்தபோது விலை ஏறத்தாழ 188 டாலர் ஆகிவிட்டது. எனினும் அது நல்ல கருவியே. வெயிலில் வைத்துப் படிக்கக் கூடிய ஏழரை அங்குலத் திரையும், தூசியும் நீரும் புகாத ரப்பர் விசைப்பலகையும் அதில் இருந்தன. நம் நாட்டு அரசு 2006இலேயே அத்திட்டத்தில் சேர மறுத்துவிட்டது. தென் அமெரிக்காவில் உருகுவே, பெரு ஆகிய நாடுகள் ஏற்றுக்கொண்டன. பெரு நாட்டுப் பள்ளிகளைப் பற்றி 2012இல் வெளியான ஓர் ஆய்வு, கணினி வந்ததால் மட்டும் பிள்ளைகளின் கணக்கும் மொழியறிவும் உயரவில்லை என்று கூறிற்று. கருவியை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரியாவிட்டால் அது வெறும் பெட்டியே என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

அதே 2007ஆம் ஆண்டு அக்டோபரில் தைவான் நாட்டின் அசூஸ் நிறுவனம் 'ஈ பிசி' என்னும் குட்டிக் கணினியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஏழு அங்குலத் திரை, 4 ஜி.பி. சேமிப்பு, ஒரு கிலோவுக்கும் குறைவான எடை! லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தில் அது ஓடியது. இதைக் கண்டு மற்ற நிறுவனங்களும் 'நெட்புக்' எனப்படும் சிறு கணினிகளைச் செய்தன. பின்னர்ப் பலகைக் கணினிகள் வந்ததும் 2013 அளவில் அந்த அலை ஓய்ந்தது. ஆனால், சிறிய கருவிக்குச் சிறிய இயங்குதளம் பொருந்தும் என்ற உண்மை ஓயவில்லை.

நம் தமிழ்நாட்டில்

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவ மாணவியருக்கு ஐந்தாண்டுகளில் 68 லட்சம் கணினிகள் வழங்குவது இலக்காகக் கொள்ளப்பட்டது. தொடக்கத்தில் வந்த கணினிகளில் 2 ஜி.பி. நினைவகமும் 320 ஜி.பி. வன்தட்டும் இருந்தன. விண்டோஸ் 7 ஸ்டார்டர், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பாஸ் லினக்ஸ், சென்னையிலுள்ள சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது, 2007இல் வெளிவந்தது.

2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. நல்ல செய்தியே. ஆனால் கல்லூரி வாசலை மிதிக்க நமக்கு இன்னும் ஆண்டுகள் உள்ளன. அதுவரை என்ன செய்வது? முதலில் வீட்டுப் பரணைப் பார்ப்பது என்பதே எங்கள் விடை. அக்காமாரும் சித்திமாரும் பெற்ற கணினிகள் எத்தனையோ வீடுகளில் மஞ்சள் பைக்குள் உறங்கிக் கொண்டிருக்கின்றன.

வாங்கும் முன் ஆராய வேண்டியவை

பரணில் ஒன்றும் இல்லாதவர்கள் புதியதோ பழையதோ வாங்கியாக வேண்டும். அவர்கள் கீழ்க்கண்டவற்றை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

1. வேலையை முதலில் எழுதுக. பாடம் படித்தல், தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்தல், நிரல் எழுதுதல், கணக்குப் போடுதல் ஆகிய இவ்வளவும் சிறிய கணினியால் முடியும். திரைப்படத் தொகுப்பும் பெரிய விளையாட்டுகளும் முடியா. தேவையில்லாத வேலைக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

2. மாற்றக்கூடிய பாகங்களைப் பார்க்க. இதுவே மிக முக்கியம். நம் ஊர்த் தறியில் நாடா தேய்ந்தால் நாடாவை மாற்றுவர். அச்சு பழுதானால் அச்சை மாற்றுவர். தறியையே தூக்கி எறிவதில்லை. மலிவாக வரும் சில புதிய குட்டிக் கணினிகளில் 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். இயங்குதளமே அதில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னர்க் கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. அதே விலைக்கு, நினைவகமும் சேமிப்பும் மின்கலமும் கழற்றி மாட்டக் கூடிய பழைய கணினி கிடைக்குமானால் அதுவே மேல்.

3. திரையின் அளவை எண்ணுக. பத்து, பதினொரு அங்குலத் திரை பைக்குள் எளிதில் அடங்கும்; ஆனால் பாடநூலின் ஒரு பக்கத்தைப் படிக்க மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பேருந்தில் தினமும் தூக்கிச் செல்வோருக்குச் சிறியது; வீட்டிலேயே வைத்துப் படிப்போருக்குப் பதினான்கு அங்குலம்.

4. பழையதானால் சோதித்து வாங்குக. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மின்கலம் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திப் பார்க்க வேண்டும். திரையின் கீல் தளர்ந்துள்ளதா, இணையம் பிடிக்கிறதா, செயலி 64 பிட் வகையா என்று கேட்க வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது.

5. "புது விண்டோஸ் ஓடுமா?" என்ற கேள்விக்கு மயங்காதிருக்க. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. இதனால் பழைய கணினி பயனற்றது என்று சொல்வார் உண்டு. பயனற்றுப் போனது இயங்குதளமே அன்றிக் கணினி அன்று.

பழையதைத் திருத்தியமைக்கும் முறை

எங்கள் தோழி ஒருத்தியின் சித்தி 2013இல் பள்ளியில் பெற்ற மடிக்கணினி, பாட்டி வீட்டுப் பரணில் இருந்தது. விசையை அழுத்திவிட்டு, உலை வைத்து அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தாலும் அது விழித்திருக்காது. "இதை எடைக்குப் போட்டால் என்ன தருவான்?" என்று அவளுடைய தந்தை கேட்டார். அவர் விசைத்தறியில் கூலி வேலை செய்பவர்; கேட்டதில் தவறில்லை. அதை எங்கள் கணினி ஆசிரியையின் மேற்பார்வையில் நாங்கள் திருத்தியமைத்தோம். அதன் படிகள் பின்வருமாறு:

முதலாவது, உள்ளே இருந்த புகைப்படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் படியெடுத்தோம். சித்தியின் கல்லூரிக் கால நினைவுகள் அல்லவா! இதைச் செய்யாமல் எதையும் அழிக்கக் கூடாது.

இரண்டாவது, வன்தட்டுக்குப் பதிலாக 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாட்டினோம். வன்தட்டில் ஒரு தகடு சுழல, ஒரு ஊசி ஓடி ஓடித் தகவலைத் தேடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. ஆதலால் தேடும் நேரம் மிகக் குறைவு. பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதற்கு நிகரான பலன் வேறொன்றில் இல்லை.

மூன்றாவது, நினைவகத்தை 2 ஜி.பி.யிலிருந்து 4 ஜி.பி. ஆக்கினோம். விண்டோஸ் 7 ஸ்டார்டர் 2 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது. ஆகவே இயங்குதளத்தை மாற்றாமல் நினைவகத்தை மட்டும் கூட்டினால் பணம் வீண். நினைவகத்தில் பல இனங்கள் உண்டு. பழையதைக் கழற்றி எடுத்துச் சென்று, கடையில் காட்டி, அதே இனமாக வாங்க வேண்டும்.

நான்காவது, லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ வகையை நிறுவினோம். 2 ஜி.பி. நினைவகத்திலேயே ஓடும், 4 ஜி.பி. இருந்தால் தாராளம். இதில் ஒரு வசதி என்னவெனில், நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஒலி வருகிறதா, இணையம் பிடிக்கிறதா என்று தெரிந்த பின் நிறுவலாம். புடவையைக் கட்டிப் பார்த்து வாங்குவது போல.

ஐந்தாவது, தேவையானவற்றை மட்டும் சேர்த்தோம். தமிழில் எழுதத் தமிழ்99 விசைப்பலகை. இது 1999இல் தமிழ்நாட்டு அரசால் ஏற்கப்பட்டது. இடக்கைப் பக்கம் உயிரெழுத்து, வலக்கைப் பக்கம் மெய்யெழுத்து என அமைந்தது. 31 எழுத்துகளின் இடம் தெரிந்தால் 247 எழுத்துகளும் வரும். கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ், வடிவியல் பயில ஜியோஜீப்ரா, சி பிளஸ் பிளஸ், பைத்தான் மொழிகளுக்கான கருவிகள் என எல்லாம் இலவசமே. அரசு வெளியிடும் பாடநூல்களைப் பி.டி.எஃப். கோப்புகளாக இறக்கி வைத்தோம். கிவிக்ஸ் என்னும் செயலி மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையும் உள்ளே வைத்துவிட்டோம். இனி இணையம் இல்லாத நாளிலும் கட்டுரைக்குச் செய்தி தேடலாம்.

இப்போது அக்கணினி ஒரு நிமிடத்திற்குள் விழித்துக்கொள்கிறது. மாலையில் தோழி பைத்தான் பழகுகிறாள். இரவில் அவள் தாயார் வாரக் கூலிக் கணக்கை அட்டவணையில் ஏற்றச் சொல்கிறார். எடைக்குப் போடக் கேட்ட தந்தையோ, அதற்கு ஒரு துணியுறை தைத்துக் கொடுத்திருக்கிறார்!

நம் ஊர் வெயிலும் பஞ்சும்

தறி ஓடும் வீட்டில் காற்றில் எப்போதும் பஞ்சு பறக்கும். அது கணினியின் விசிறியில் படிந்தால் சூடு வெளியேற வழியின்றிக் கணினி தளர்ந்துவிடும். எனவே தறிக்கூடத்தில் வைத்து இயக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் விசிறியைத் துப்புரவு செய்விக்க வேண்டும். மெத்தை, தலையணை மீது வைக்கலாகாது. ஒரு மரப்பலகை போதும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவரக் கூடாது. பல நாள் பயன்படுத்தாவிட்டால் மின்கலத்தைப் பாதியளவு ஏற்றி வைக்க வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும். பெரியோரிடம் சொல்லி உடனே அகற்றுவிக்க வேண்டும்.

மின்செலவு பற்றிப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. சிறிய மடிக்கணினி 20 வாட் எடுத்தாலும் ஐந்து மணி நேரத்திற்கு 100 வாட் மணி, அதாவது யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். மாதம் முழுவதும் சேர்த்து 3 யூனிட்.

முடிவுரை

பெரிய கணினி வைத்திருப்போரே பெரிய அறிவு பெறுவர் என்பதில்லை. வேலைக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்து, பழுதான பாகத்தை மாற்றி, தேவையற்றதை நீக்கி ஆள்வதே சிக்கனம். அதுவே அறிவும் ஆகும். இதை நம் முன்னோர் தறியில் செய்தனர். நாம் கணினியில் செய்வோம்.

அன்புத் தோழியரே! 'வீட்டில் கணினி இல்லை' என்று பாடத்தைக் கைவிடும் முன் ஒருமுறை பரணில் ஏறிப் பாருங்கள். பெற்றோர்களே! பழைய கணினியை எடைக்குப் போடும் முன் எங்கள் கணினி ஆய்வகத்திற்கு ஒருமுறை கொண்டு வாருங்கள். சனிக்கிழமை பிற்பகலில் திருத்தியமைக்க உதவ நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். திருப்புளியும் பென் டிரைவும் எங்களிடம் உள்ளன. பொறுமையை மட்டும் நீங்கள் கொண்டு வந்தால் போதும்.