ஆராய்ச்சியை அளக்கும் கோல்

கள்ளக்குறிச்சிச் சமவெளியில் விளையும் கரும்பு டன் கணக்கில் நிறுக்கப்பட்டு ஆலைக்குச் செல்கின்றது. மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையினின்று இறங்கும் தேனோ சிறு புட்டிகளிற் கைம்மாறுகின்றது. இவ்விரண்டையும் ஒரே தராசிலிட்டு, கரும்புடையானே பெருமுயற்சியாளன், தேனுடையான் மடியன் என்று ஒருவர் தீர்ப்புரைப்பாராயின் நகையாதார் யார்? ஆயினும் கற்றோர் உலகில் இத்தகைய தீர்ப்பு நாள்தோறும் வழங்கப்பட்டு வருகின்றது. ஓர் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எத்துணை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்னும் எண்களைக் கொண்டே பல இடங்களில் உத்தியோகமும் பதவி உயர்வும் பொருளுதவியும் முடிவு செய்யப்படுகின்றன. அவ்வெண்கள் எவ்வாறு தோன்றின, எவற்றை உணர்த்துவன, எவற்றை உணர்த்தமாட்டா என்பவற்றை ஆராய்தலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

1. கோலின் பிறப்பு

ஓர் ஆசிரியர் தம் கட்டுரைக்குத் துணையாயிருந்த முந்தைய நூல்களையும் கட்டுரைகளையும் அதன் இறுதியில் வரிசையாகக் குறிப்பிடுதல் இக்கால வழக்கு. அங்ஙனம் குறிக்கப்படுதலையே ஈண்டு மேற்கோள் என்கின்றோம்.

மேற்கோள்களை எண்ணும் பழக்கம் மனிதரை அளப்பதற்காகத் தோன்றியதன்று. 1927-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலுள்ள பொமோனா கலாசாலையைச் சார்ந்த கிராஸ் என்னும் பெயருடைய இருவர், சிறியதொரு கலாசாலையின் புத்தகசாலை எந்த இரசாயனப் பத்திரிகைகளை விலைகொடுத்து வாங்குதல் தகும் என்பதை அறியும்பொருட்டு, ஒரு பத்திரிகையில் வந்த மேற்கோள்களை எண்ணிப் பார்த்தனர். சுருங்கிய பணத்தைச் செவ்வையாகச் செலவிடும் வழியாகவே இம்முறை பிறந்தது.

நம் நாட்டிலும் இத்தகைய எண்ணம் தோன்றாமலில்லை. சீர்காழியில் 1892-இல் பிறந்து, சென்னைக் கிறிஸ்துவக் கலாசாலையில் கணிதம் பயின்று, 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் புத்தகசாலைத் தலைவராக அமர்ந்த எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள், புத்தகசாலைப் பணிகளுக்குப் புள்ளிக்கணக்கைப் பயன்படுத்தும் ஒரு தனிக்கலை வேண்டுமென்று 1948-இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு மகாநாட்டில் எடுத்துரைத்தார். கணித ஆசிரியராயிருந்த ஒருவர் நூல்களின் நடுவே அமர்ந்தமையால் விளைந்த பயன் இது.

பின்னர் அமெரிக்கராகிய யூஜின் கார்பீல்டு என்பார், எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை எடுத்தாண்டது என்று காட்டும் பேரகராதி ஒன்று வேண்டுமென 1955-இல் எழுதி, 1964 முதல் அதனை வெளியிடலானார். ஒரு கருத்து எங்கிருந்து எங்குச் சென்றது என்று தேடுவார்க்கு அது பெருந்துணையாயிற்று. எனினும், பொருளைத் தேட அமைத்த அகராதி நாளடைவில் ஆளை நிறுக்கும் தராசாக மாறிவிட்டது.

2. எச் எண்

இன்று மிகப் பரவியுள்ள அளவை, இயற்பியல் அறிஞர் ஹிர்ஷ் என்பார் 2005-இல் வகுத்த எச் எண் ஆகும். ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் மிகுதியின்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துக. ஐந்து கட்டுரைகள் முறையே 20, 9, 6, 4, 1 மேற்கோள்கள் பெற்றன எனக் கொள்வோம். நான்காவது கட்டுரை நான்கு மேற்கோள் பெற்றுள்ளது. ஐந்தாவதோ ஐந்து பெறவில்லை. ஆகவே அவருடைய எச் எண் 4.

இம்முறையின் நன்மை வெளிப்படை. ஒரே கட்டுரையாற் பெரும்புகழ் எய்தியவரும், எவரும் படியாத கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் அடுக்கியவரும் இதனால் உயரமாட்டார். குறைகளும் உள. இவ்வெண் ஏறுமேயன்றி இறங்காது. ஆதலின் முதியோர்க்கு இயல்பாகவே சார்பானது. ஒரு கட்டுரையை ஒருவர் எழுதினும் ஐம்பதின்மர் எழுதினும் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுமையாகவே சேரும். உயிர்நூல் வல்லாரின் எண்கள் இயற்பியல் வல்லாரின் எண்களினும் மிக உயர்ந்திருத்தலை ஹிர்ஷ் அவர்களே தம் கட்டுரையிற் குறிப்பிட்டுள்ளார். கோலை வகுத்தவரே தந்த எச்சரிக்கையைக் கோலைக் கையாள்வோர் பலர் மறந்தனர்.

3. துறைதோறும் வேறுபாடு ஏன்?

கல்வராயன் மலையை நால்வர் ஆராய்கின்றனர் எனக் கற்பனை செய்வோம். முதல்வர் அங்குள்ள மூலிகை ஒன்றின் இரசாயனத்தை ஆய்கின்றார். இரண்டாமவர் மலையிலுள்ள செடிகொடிகளைத் தொகுத்துப் பெயரிட்டு வகைப்படுத்துகின்றார். மூன்றாமவர் மலைச்சரிவில் நீர் ஓடும் இயல்பைக் கணித வாயிலாக விளக்குகின்றார். நான்காமவர் அங்கு வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடியினரின் கதைகளையும் பேச்சு வழக்கையும் திரட்டித் தமிழில் நூலாக்குகின்றார்.

மூலிகை இரசாயனம் பயில்வோர் உலகெங்கும் மிகப் பலர். அவர் கட்டுரை ஒவ்வொன்றின் ஈற்றிலும் மேற்கோள் வரிசை நீண்டிருக்கும். ஒருவர் கட்டுரை வெளிவந்த சில திங்களிலேயே பிறர் அதனை எடுத்தாளத் தொடங்குவர். கணிதத்திலோ வரிசை குறுகியது; ஒரு நிறுவலைப் பிறர் கற்றுத் தெளியவே ஆண்டுகள் செல்லும். செடி வகைப்பாட்டு நூல் பன்னெடுங்காலம் கைந்நூலாக விளங்கினும், அதனைப் பயன்படுத்துவோர் ஈற்று வரிசையில் அதன் பெயரைப் பொறியாது விடுதல் உண்டு. தமிழில் வெளிவரும் நூல்களுள் மிகப் பலவற்றை மேனாட்டு மேற்கோள் அகராதிகள் கணக்கிற் கொள்வதில்லை. ஆகவே நால்வரும் ஒத்த உழைப்பும் ஒத்த நுண்மையும் உடையராயினும், முதல்வர் எண் பெரிதாகவும் நான்காமவர் எண் சூனியமாகவும் தோன்றக்கூடும். அச்சூனியம் நூலின் குறையன்று, கணக்கின் குறை.

4. துறைக்கேற்ற அளவு

இக்குறையைத் தீர்க்க அறிஞர் கண்ட வழி எளியது. ஒரு கட்டுரை பெற்ற மேற்கோளை, அதே துறையில், அதே ஆண்டில் வெளிவந்த, அதே இனத்துக் கட்டுரைகள் உலகளவில் பெற்ற சராசரியால் வகுத்தல் வேண்டும். உதாரணமாக, இரசாயனக் கட்டுரை 30 மேற்கோள் பெற, அத்துறையின் சராசரி 20 ஆயின், ஈவு ஒன்றரை. கணிதக் கட்டுரை 6 பெற, அத்துறையின் சராசரி 3 ஆயின், ஈவு இரண்டு. முப்பதினும் ஆறு உயர்ந்ததாகின்றது; கரும்பைக் கரும்போடும் தேனைத் தேனோடும் ஒப்பிட்டோமாகலின்.

இதனையும் விழிப்புடன் கையாளவேண்டும். மேற்கோள்கள் சமமாகப் பங்கிடப்படுவன அல்ல. சில கட்டுரைகள் மிகப் பல பெற, பெரும்பான்மையின சிலவே பெறும். எனவே சராசரியை அச்சிலவே மேலே இழுத்துவிடும். அதுபற்றியே, ஒரு கட்டுரை தன் துறையின் முதல் நூற்றுக்குப் பத்துள் அடங்குகின்றதா என்று வினவுதல் சிறந்ததெனக் கருதுவர். பத்திரிகையின் தாக்கக் காரணி எனப்படும் எண்ணோ, அப்பத்திரிகையின் முந்தைய ஈராண்டுக் கட்டுரைகள் ஓராண்டிற் பெறும் மேற்கோள் வீதத்தைக் காட்டுவது. அதிலுள்ள தனிக் கட்டுரை ஒன்றின் தகுதியைக் காட்டுவதன்று. வண்டி பெரிதாயிருத்தலால் அதிலேறிய ஒவ்வொருவரும் பெரியாராகார்.

5. கோலுக்குள் அடங்காதவை

சீனிவாச இராமானுஜன் அவர்களின் கட்டுரைத் தொகுதி 1927-இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தபொழுது அதில் அடங்கியவை 37 கட்டுரைகளே. அவற்றை மட்டும் கொண்டு கணக்கிடின், அவருடைய எச் எண் என்றென்றும் 37-ஐக் கடக்க வழியில்லை. அவர் 1916-இல் உண்மையென ஊகித்துக் கூறிய ஒன்றினைப் பெல்ஜிய நாட்டவராகிய தெலீஞ் என்பார் 1974-இல் நிறுவினார். இடைப்பட்ட காலம் 58 ஆண்டுகள். ஐந்தாண்டு மேற்கோளைக் கொண்டு தீர்ப்பளிக்கும் சபையொன்று அவரைப்பற்றி என்ன எழுதியிருக்கும்?

மிக்க புகழும் கணக்கிற்குப் புறம்பாகும். 1928-இல் கண்டறியப்பட்ட இராமன் விளைவைப்பற்றி எழுதுவோர், சி. வி. இராமன் அவர்களின் மூலக் கட்டுரையைக் குறிப்பிடாது அவர் பெயரை மட்டும் வழங்கிச் செல்வது பெருவழக்கு. தொல்காப்பியரும் முன்னையோர் கருத்துக்களைப் புலவர் கூறுவர் என்னும் அளவிலேயே பல சூத்திரங்களிற் சுட்டிச் செல்கின்றார். பெயர் குறியாத அக்கடன்களை எந்த அகராதி எண்ணும்?

நம் மலைக்கு அணுக்கமான சான்றும் ஒன்றுண்டு. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கலாசாலையில் 1967-இல் இராப்பினாட் உலர்செடிச்சாலையை நிறுவிய இயேசு சபைக் குருவாகிய கே. எம். மாத்யூ அவர்கள், கல்வராயன் மலையும் உள்ளிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் செடிகொடிகளை மாணவர் துணையுடன் திரட்டி, 1980-களில் பல பாகங்களாக வெளியிட்டார். மலையிற் பறித்த இலையொன்றின் பெயரை இத்தகைய நூலைக் கொண்டு உறுதி செய்த பின்னரே இரசாயன அறிஞர் தம் குடுவையை எடுத்தல் இயலும். செடியின் பெயர் பிழையாயின் பின்வரும் ஆராய்ச்சி முழுதும் பிழையாம். ஆயினும் புகழ்க்கணக்கிற் குடுவைக்குக் கிடைக்கும் பங்கு செடிச்சாலைக்குக் கிடைப்பதில்லை.

6. விளைவு

எண்ணே குறிக்கோளாயின் ஒழுக்கம் தளரும். ஒரு கட்டுரைக்குரிய பொருளை மூன்றாகத் துண்டித்தலும், தம்மைத் தாமே மேற்கோள் காட்டுதலும், பணம் பெற்று எதனையும் அச்சிடும் பத்திரிகைகளை நாடுதலும் பெருகும். நம் நாட்டில் 2010-இல் சர்வகலாசாலை மானியக் குழு ஆசிரியர் தகுதிக்குப் புள்ளிமுறை வகுத்தது. போலிப் பத்திரிகைகளை விலக்க 2019-இல் நற்பத்திரிகைப் பட்டியலொன்றை ஏற்படுத்திற்று. 2025-இல் அப்பட்டியலையும் கைவிட்டது. மேனாடுகளில் 2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் எழுந்த பிரகடனம், பத்திரிகையின் எண்ணைக்கொண்டு ஆளை அளவிடல் தகாது என்றது. 2015-இல் வெளிவந்த லெய்டன் அறிக்கை, பத்து விதிகளுள், துறை வேறுபாட்டை மதித்தலையும் அவ்வவ்விடத்துக்குரிய ஆராய்ச்சியைக் காத்தலையும் வற்புறுத்துகின்றது.

இறுதியிற் கூறிய விதியே நமக்கு உயிர்நிலை. கல்வராயன் மலையிற் பயிராகும் சாமையையும், அங்குள்ளார் பேச்சையும், அவர்தம் பிணிகளையும் ஆராய முற்படும் இளைஞன் ஒருவன், இவற்றால் எண் பெருகாது என்றஞ்சி, வேறொரு நாட்டுப் பத்திரிகை விரும்பும் பொருளைத் தேர்ந்துகொள்வானாயின், அவனைக் குறை கூறுதல் அரிது. ஆனால் மலை ஆராயப்படாமலே நிற்கும். தவறான கோல் ஒருவருக்குரிய பதவியை மட்டும் கெடுப்பதன்று. எவ்வினாக்கள் கேட்கப்படும் என்பதையே அது முடிவு செய்துவிடுகின்றது.

ஆகலின், மாணவ நண்பர்களே, நீவிர் நாளை பிறரை மதிப்பிடும் பீடத்தில் அமர்வீராயின், எண்ணைக் காணுமுன் சிலவற்றை வினவுவீராக: இவர் துறை யாது? அத்துறையின் சராசரி யாது? எத்தனை ஆண்டு உழைத்தார்? எத்தனை பேருடன் எழுதினார்? இவர் எழுதிய மொழியும் நூலும் இக்கணக்கில் அடங்குவனவா? இவற்றிற்கெல்லாம் விடை கண்டபின், அவர் எழுதியவற்றுள் ஒன்றையேனும் எடுத்து முழுதும் படிப்பீராக. எந்த எண்ணும் அச்செயலுக்கு ஈடாகாது. படியாமல் அளப்பவன், புட்டியைத் திறவாமலே தேனுக்கு விலை கூறுபவனாவான்.