புகார் சொல்ல வந்த பிள்ளை

எனக்கு ஊர் நெல்லை மாவட்டத்துப் பாபநாசம். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நடக்கும் ஆசிரியர் பயிற்சிகளில் கருத்தாளராகப் பேசி வருகிறேன். பிள்ளைகளுக்குள் நடக்கும் சீண்டலையும் கேலியையும் தடுப்பதுதான் என் தலைப்பு. எங்கள் பக்கம் இதைச் சின்னப் பிள்ளைகள் சண்டை என்று ஒதுக்க முடியாது. 2022 ஏப்ரலில் பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில், கையில் கட்டிய சாதிக் கயிற்றை வைத்து மூண்ட தகராறில் பிளஸ் டூ மாணவன் ஒருவன் உயிரிழந்தான். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள்.

நாங்குநேரிப் பையன் தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தியிருந்தான். விஷயம் புகாராக எழுதப்பட்ட பிறகுதான் அரிவாள் வந்தது. புகார் வாங்கியதோடு நம் வேலை முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேறு நிகழ்ச்சி வேண்டாம். பயிற்சிகளில் நான் வலியுறுத்தும் சில விஷயங்களை இங்கே பகிர்கிறேன்.

தலையை நிமிர்த்திக் கேளுங்கள்

பிள்ளை புகார் சொல்ல வரும் காட்சியை ஆசிரியர்களை நடித்துப் பார்க்கச் சொல்வேன். ஒருவர் நோட்டுத் திருத்தும் ஆசிரியர், இன்னொருவர் மாணவர். “சார், இவன் என்னைய அடிக்கான் சார்” என்றதும், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பெரும்பாலும் ஒரே பதில் வரும்: “நீ என்னலே செஞ்ச?” மாணவராக நின்ற டீச்சர் ஒருவர், “இனிமே ஒங்ககிட்ட வரவே மாட்டேன்னு தோணிச்சு சார்” என்றார். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த சுற்றில் பேனாவை மூடிவைத்துவிட்டு, “உட்காரு, என்ன நடந்துச்சு?” என்று தொடங்கச் சொல்வேன். எங்கே, யார், எத்தனை நாளாக, யார் பார்த்தார்கள் என்ற நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலத்தை யோசியுங்கள்

புகார் சொன்னவனையும் சொல்லப்பட்டவனையும் எதிரெதிரே நிறுத்தி, கை கொடுக்க வைத்து அனுப்புவது நம் பழக்கம். பயந்த பிள்ளைக்கு அது இரண்டாவது தண்டனை. தனித்தனியாக விசாரியுங்கள். யார் சொன்னது என்பதை வெளியே விடாதீர்கள். அவன் எந்த பஸ்ஸில், யாரோடு வீட்டுக்குப் போகிறான் என்று கேட்டு, பெற்றோருக்கு அன்றே போன் போடுங்கள். மிரட்டல் இருந்தால் தலைமையாசிரியர் காவல் நிலையத்துக்குச் சொல்லத் தயங்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டும் எல்லா வகுப்பிலும் எழுதியிருக்கட்டும்.

சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள்

ஒருவன் கேலி செய்யும்போது பத்துப் பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குத் தெம்பு. பின்லாந்துப் பள்ளிகளின் சீண்டல் தடுப்புத் திட்டமான ‘கிவா’ இப்படி வேடிக்கை பார்ப்பவர்களைக் கருதியே அமைக்கப்பட்டது. சிரிக்காமல் இருப்பது, பாதிக்கப்பட்டவன் பக்கத்தில் போய் உட்காருவது, டீச்சரிடம் வந்து சொல்வது என்ற மூன்றையும் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். வந்து சொல்பவனைக் கோள்மூட்டி என்று நாமே சொல்லிவிடக் கூடாது.

நம் நாக்கைக் கவனிப்போம்

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கலர் கயிறு, நெற்றியில் சாதி அடையாளம் கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. கயிற்றை ஒரே நாளில் கழற்ற வைத்துவிடலாம். “எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைய எல்லாம் எந்திரிங்க” என்று வகுப்பில் சொல்லும் பழக்கம் அவ்வளவு லேசில் போகாது. பிள்ளையைத் தனியே அழைத்துச் சொல்லும் விதமாக அந்த வாக்கியத்தை மாற்றிப் பேசிப் பழகச் சொல்வேன். மலையிலுள்ள காரையார், மயிலாறு காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து கீழே வந்து படிக்கும் பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் இப்படித்தான் பரவுகிறது. வாத்தியார் சிரித்துவிட்டால் வகுப்பு அதை நிரந்தரமாக்கிவிடும். அடிப்பதற்கும் இதே கணக்குதான். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. கம்பைக் கையில் வைத்துக்கொண்டு “யாரையும் அடிக்காதே” என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்?

பள்ளிக்கூடம் மொத்தமும் பயிற்சிக்கு வரட்டும்

சீண்டல் பெரும்பாலும் பாட வேளையில் நடப்பதில்லை. கழிப்பறைப் பக்கம், சத்துணவு வரிசை, பஸ் நிறுத்தம், வாட்ஸ்அப் குழு என்று ஆசிரியர் இல்லாத இடங்களில் நடக்கிறது. அதனால் சத்துணவு அக்கா, பி.டி. சார், வாட்ச்மேன் எல்லாரும் பயிற்சியில் உட்கார வேண்டும். பிள்ளைகளையே பள்ளியின் வரைபடம் வரைந்து, பயமான இடங்களுக்குச் சிவப்பு வைக்கச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். இடைவேளையில் யார் எங்கே நிற்பது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஒருநாள் கூட்டத்தில் எதுவும் மாறிவிடாது. மாதம் ஒருமுறை அரை மணி நேரம், வந்த புகார்களையும் அவற்றுக்கு என்ன செய்தோம் என்பதையும் ஆசிரியர்கள் சேர்ந்து பேச வேண்டும். ஒரு புகாருமே வரவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். பிள்ளைகள் நம்மிடம் சொல்வதை ஏன் நிறுத்தினார்கள் என்று அந்த மாதமே விசாரியுங்கள்.