ஒரு ஆள் ஃபில்டர்

திருச்சி

அன்பு மகளுக்கு,

புனேயில் தனியாக வீடு பார்த்துக் குடியேறிவிட்டாய், வேலையும் பிடித்திருக்கிறது என்று படித்து மனசு நிறைந்தது. கூடவே, "எனக்கு ஒருத்திக்கு எதற்குப் பெரியம்மா ஃபில்டரெல்லாம்? கேப்ஸ்யூல் மெஷின் வாங்கட்டுமா, இல்லை இன்ஸ்டன்டே போதுமா?" என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

"எனக்கு ஒருத்திக்கு எதற்கு" என்ற நினைப்பை முதலில் விட்டுவிடு. நாலு பேர் வந்தால் பார்த்துப் பார்த்துச் செய்கிற நாம், நமக்கு மட்டும் என்றால் ஏனோதானோ என்று முடித்துக்கொள்கிறோம். தனியாக இருக்கிறவளுக்கு இந்தப் பழக்கம் ஆகாது. காலையில் தனக்கென்று ஒரு டம்ளர் காப்பியை முறையாகப் போட்டுக்கொள்கிறவள், மத்தியானச் சாப்பாட்டையும் தட்டிக்கழிக்க மாட்டாள்.

கேப்ஸ்யூல் மெஷினில் வசதி உண்டு. பொத்தானை அழுத்தினால் காப்பி. ஆனால் ஒரு கேப்ஸ்யூலில் இருப்பது சுமார் 5, 6 கிராம் பொடிதான். சின்னக் கோப்பையில் பாலில்லாமல் குடிப்பவர்களை நினைத்து வந்த ஏற்பாடு அது. நம் அளவுக்குப் பால் விட்டால் மணம் அமுங்கிப்போகும். அந்தந்த மெஷினுக்குப் பொருந்துகிற கேப்ஸ்யூலையே வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். குடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஓர் அலுமினிய, பிளாஸ்டிக் கூடு மிச்சமாகும். இந்தக் குப்பையைக் காரணம் காட்டியே ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016இல் தன் அலுவலகங்களுக்கு இவற்றை வாங்குவதை நிறுத்தியது. இன்ஸ்டன்ட் ஒரு பாட்டில் அவசரத்துக்கு இருக்கட்டும். அன்றாடக் காப்பி அதுவாகிவிட வேண்டாம்.

உனக்கு வேண்டியது ஒரு ஆள் ஃபில்டர். பாத்திரக் கடையில் இருப்பதிலேயே சின்னதாகக் கேட்டு வாங்கு. அம்மாவின் பெரிய ஃபில்டரை எடுத்துப்போகாதே. நான் சொல்வதிலேயே முக்கியமானது இதுதான். பெரிய ஃபில்டரில் ஒரு டம்ளருக்கான பொடியைப் போட்டால் அடியில் மெல்லிசாகப் பரவிவிடும். ஊற்றிய வெந்நீர் சாரத்தை இறக்காமல் கடகடவென்று ஓடிவிடும். குறுகலான ஃபில்டரில் அதே பொடி உயரமாக நிற்கும். தண்ணீர் நிதானமாகச் சொட்டும். டிகாஷன் கள்ளிச்சொட்டாக இறங்குவது அதனால்தான். ஒருத்திக்குப் போடும் காப்பி நீர்த்துப்போகிறது என்பவர்கள் பொடியைக் குறை சொல்வார்கள். குறை பெரும்பாலும் பாத்திரத்தின் அளவில் இருக்கும்.

அளவைக் குறித்துக்கொள். குவித்து இரண்டு டேபிள்ஸ்பூன் பொடி, 12 கிராம் போல. அதைச் சமமாகப் பரப்பி, காம்புத் தட்டால் லேசாக அழுத்து. இறுக அமுக்கினால் டிகாஷன் இறங்காது. தண்ணீர் 80 மில்லி. கொதித்ததும் அடுப்பை அணைத்து, பொடி நனையும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றி அரை நிமிஷம் விடு. பிறகு மிச்சத்தை ஊற்றி மூடிவிட்டுக் குளிக்கப் போ. பொடி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நீ வருவதற்குள் 55 மில்லி டிகாஷன் கீழே இருக்கும். 100 மில்லி பாலுக்கு அது சரி. பாலில் தண்ணீர் கலக்காதே. அப்போதுதான் காய்ச்சியதாக இருக்கட்டும். டிகாஷன் ஆறியிருந்தால் பாத்திரத்தோடு வெந்நீரில் வை. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கசந்துவிடும். டபராவுக்கும் டம்ளருக்கும் இரண்டு ஆற்று ஆற்றினால் நுரை எழும், குடிக்கிற சூடும் வரும்.

பொடியை 100 கிராமுக்கு மேல் வாங்காதே. நாலு பேர் குடிக்கிற வீட்டில் கால் கிலோ சீக்கிரம் தீரும். உன்னிடம் அது வாரக்கணக்கில் கிடந்து மணம் போய்விடும். அரைத்த பொடியைவிட வறுத்த கொட்டை அதிக நாள் மணம் காக்கும். அதனால் கையால் சுற்றுகிற சின்ன மில் ஒன்று வாங்கிக்கொள்வதும் நல்லதுதான். பீபெரியும் பிளாண்டேஷன் ஏயும் சரிபாதி கலந்து வாங்கிப் பார். சிக்கரி வேண்டுமென்றால் 80க்கு 20 போதும். அது வறுத்த வேர். நிறமும் கெட்டித்தன்மையும் தரும், காப்பியின் மணத்தைத் தராது. பாக்கெட்டைத் திருப்பி விகிதத்தைப் படித்துவிட்டு வாங்கு. சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 சதவீதமாவது இருக்க வேண்டும், விகிதத்தையும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி.

ஃபில்டரை அன்றன்றைக்கே கழுவிவிடு. வாரம் ஒருமுறை மேல் பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார். துளைகள் அடைத்திருந்தால் ஊசியால் குத்திச் சுத்தம் செய். பழைய சக்கை ஒட்டியிருந்தால் எவ்வளவு உசத்தியான பொடியும் காறும்.

உடம்பு விஷயமாக இரண்டு சொல்கிறேன். சாப்பாட்டோடு சேர்த்துக் காப்பி குடிக்காதே. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. நம் வீட்டுப் பெண்களுக்கு ரத்தசோகை வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மாலை நாலு மணிக்கு மேலும் வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் காஃபீனில் ஏறக்குறையப் பாதி உடம்பில் நிற்கும்; தூக்கம் கெடும்.

இவ்வளவு செய்துவிட்டு, ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு நின்றபடியே குடிக்காதே. உட்கார். போனைத் தள்ளி வை. அந்தப் பத்து நிமிஷம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். தனியாக இருப்பதில் கிடைக்கிற நல்ல விஷயம் அது. அதை அவசரத்தில் கரைத்துவிடாதே.

இந்தச் சனிக்கிழமையே சின்ன ஃபில்டர் ஒன்று வாங்கிவிடு. முதல் ஒரு வாரம் நான் சொன்ன அளவிலேயே போடு. பிறகு உன் நாக்குக்குத் தக்கபடி பொடியைக் கூட்டியோ பாலைக் குறைத்தோ உன் அளவைக் கண்டுபிடித்து எனக்கு எழுது. நீ இங்கே வரும்போது உனக்கு அந்த அளவிலேயே போட்டுத் தருகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பெரியம்மா