கரைதான் ஆபத்து

கேள்வி: கோடிக்கணக்கில் விலையுள்ள சொகுசுப் படகுகள் கரையோரம் நொறுங்கிக் கிடக்கும் படங்களைப் பார்க்கிறேன். நடுக்கடலைத் தாங்கும் படகு கரையில் ஏன் உடைகிறது?

பதில்: புயலில் அனுபவமுள்ள மாலுமி அஞ்சுவது கரைக்குத்தான். ஆழ்கடலில் அலை கடந்து போகும். தண்ணீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே சுழலும். படகும் ஏறி இறங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் தணிந்து உயரம் கூடுகிறது. கடைசியில் உடைந்து விழுகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் மேல் எடை. அது பக்கவாட்டில் வந்து மோதினால் எந்த ஃபைபர் உடம்பு தாங்கும்?

2018 அக்டோபர் 29 அன்று இத்தாலியின் ரப்பல்லோவில் நடந்தது இதுதான். வாயா புயலின் அலைகள் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரையே உடைத்தன. பாதுகாப்பாகக் கட்டியிருந்த படகுகள் கயிறு அறுந்து, ஒன்றோடொன்று மோதி, பாறைகளிலும் ஊர்ச்சாலை ஓரத்திலும் குவிந்தன. பக்கத்து ஊரான போர்ட்டோஃபினோவுக்குப் போகும் சாலையும் அரித்துப்போனது. விலையைப் பார்த்தா கடல் அடிக்கிறது!

மணலில் தட்டினால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வோர் அலையும் படகைத் தூக்கித் தரையில் அடிக்கும். அடியிலுள்ள மணலை அரித்து, படகை ஒருக்களித்துச் சாய்க்கும். எஞ்சினைக் குளிர்விக்க உறிஞ்சும் தண்ணீரோடு மணலும் புகுந்து குழாயை அடைக்கும். எஞ்சின் சூடேறி நின்றுவிடும். சீக்கிரம் இழுத்து மிதக்கவிடாவிட்டால் அடிப்பாகம் பிளந்துவிடும். அப்படித் தட்டிய படகின் அருகே வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். அடுத்த அலையில் அது எந்தப் பக்கம் புரளும் என்று யாராலும் சொல்ல முடியாது.