ரிப்போர்ட் உங்கள் கைக்கு மட்டும் வரட்டும்

பால்வினை நோய்ப் பரிசோதனைக்குச் சாம்பிள் கொடுத்துவிட்டு நேராக வேலைக்குப் போய்விடலாம். ரிசல்ட் போனுக்கே வந்துவிடும். லேப் வாசலில் தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்ற பயம் வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால், அந்த ரிப்போர்ட்டை உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்காமல் இருக்க, சில விஷயங்களை முன்கூட்டியே செய்ய வேண்டும்.

பதியும்போதே கவனம்

லேப் கவுன்டரில் முதலில் கேட்பது மொபைல் எண். அப்பாவின் சர்க்கரைப் பரிசோதனைக்காக அவர் எண்ணில் ஏற்கெனவே கணக்கு இருந்தால், உங்கள் பெயரையும் அதிலேயே சேர்த்துவிடக்கூடும். ரிப்போர்ட் லிங்க் அப்பாவின் வாட்ஸ்அப்பில் போய் விழும். ‘என் எண்ணில் புதிதாகப் பதியுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். அலுவலக மெயில் ஐடியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதை நிறுவனத்தால் திறந்து பார்க்க முடியும்.

ஆபீஸ் லேப்டாப் வேண்டாம்

ஆபீஸ் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கிறது, மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்துகொண்டிருக்கிறீர்கள். ‘உங்கள் ரிப்போர்ட் தயார்’ என்ற செய்தி லேப் பெயரோடு திரையின் மூலையில் வந்து நிற்கும். ரிசல்ட் வரும் நாளில் வாட்ஸ்அப் வெப்பை லாக்-அவுட் செய்துவிடுங்கள். போனின் லாக் ஸ்கிரீனில் செய்தி தெரியாதபடி செட்டிங்கை மாற்றுங்கள். ஆபீஸ் பிரின்டரில் பிரின்ட் எடுக்காதீர்கள்.

ஒரு வார்த்தையை வைத்து முடிவு கட்டாதீர்கள்

‘ரியாக்டிவ்’ (தொற்று இருக்கலாம்) என்று கண்டதும் இடிந்துபோக வேண்டாம். எச்.ஐ.வி. இருப்பதாக உறுதிசெய்ய, நம் நாட்டு நடைமுறைப்படி மூன்று வெவ்வேறு சோதனைகளிலும் ரியாக்டிவ் என்று வர வேண்டும். சிஃபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். சோதனை வேறு காரணங்களாலும் ரியாக்டிவ் ஆகலாம், டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு சோதனை செய்துதான் உறுதிப்படுத்துவார்கள்.

‘நான்-ரியாக்டிவ்’ என்றாலும் தேதியைக் கணக்கிடுங்கள். தொற்றுக்கு வாய்ப்பிருந்த நாளிலிருந்து 18 முதல் 45 நாள்கள் ஆன பிறகுதான் நான்காம் தலைமுறை ஆய்வகச் சோதனை எச்.ஐ.வி.யைக் காட்டும். ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் சோதனைக்கு 90 நாள் வரை ஆகலாம். அதற்கு முன்பே பரிசோதித்திருந்தால், மறுபடி செய்ய வேண்டும்.

கிளமிடியா, கொனோரியா இரண்டும் அறிகுறியே இல்லாமல் இருக்கலாம். உரிய ஆன்டிபயாடிக் எடுத்தால் குணமாகும். துணைக்கும் சிகிச்சை தேவை. இல்லாவிட்டால் தொற்று திரும்ப வரும்.

கம்பெனி எதைக் கேட்கக் கூடாது?

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலையில் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்குவதை அது தடை செய்கிறது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்கள் எச்.ஐ.வி. நிலையைச் சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இதற்கென ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும்.

கம்பெனி நடத்தும் ஹெல்த் செக்கப்பில் ரத்தம் கொடுக்கும் முன், என்னென்ன சோதனைகள், ரிப்போர்ட் யாருக்குப் போகும் என்று கேளுங்கள். எச்.ஐ.வி. சோதனைக்கு உங்கள் ஒப்புதல் கட்டாயம். நீங்களாகச் செய்துகொண்ட சோதனையின் பில்லை ஆபீஸில் கொடுத்துப் பணம் கேட்கும் முன் யோசியுங்கள்; சோதனையின் பெயர் அதிலேயே இருக்கும்.

அடுத்து என்ன?

ரிப்போர்ட்டோடு மருத்துவரைப் பாருங்கள். லீவு கேட்க ‘உடம்பு சரியில்லை’ என்பதே போதும்; அதற்கு மேல் மேனேஜரிடம் விளக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். எச்.ஐ.வி. உறுதியானால் வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளும் அரசு மையங்களில் இலவசம். அவற்றை விடாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் இந்த வாரமே போய்ச் செய்துகொள்ளுங்கள்.